மணமுறிவுச் சீட்டு எங்கே?

இறைவாக்கினர் ஒசேயாவின் நூல் பதினான்கே அதிகாரங்கள் கொண்டது. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதன் முதல் மூன்று அதிகாரங்களைத் தாண்டிச் சென்றதில்லை. சென்றவர்களும் முன்பே கேட்டிருந்த கதையைத்தான் அங்கே திரும்பக் கண்டனர். நெறி தவறிய ஒரு மனைவி, அவளை ஒதுக்கிவிட மனமின்றி மீண்டும் அழைத்துக்கொள்ளும் ஒரு கணவர்: இதுவே நாம் அறிந்த ஒசேயா. இக்கதையைச் சொல்லி முடித்ததும் நம் மறையுரைகள் வழக்கமாக இரு திசைகளுள் ஒன்றில் திரும்புகின்றன. ஒன்று, பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிய அறிவுரை. மற்றொன்று, இஸ்ரயேலின் நன்றிகேட்டைப் பற்றிய கண்டனம். அம்மக்கள் கடவுளுக்குத் துரோகம் செய்தனர், ஆகவே தள்ளுண்டனர், அவர்களுடைய இடத்தில் நாம் அமர்த்தப்பட்டோம் என்னும் முடிவுரை.

இவ்விரு திசைகளும் தவறானவை என்பது நம் உறுதியான கருத்து. முதலாவது ஒசேயாவின் சொற்களுக்கே எதிரானது. இரண்டாவது திருச்சபையின் போதனைக்கும் எதிரானது. அதைவிட மேலாக, நாம் நிற்கும் மரத்தின் வேரையே வெட்டுவது. இரண்டுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் வேறு எவரோ நிற்கின்றனர். ஆலய இருக்கையில் அமர்ந்து கேட்பவர் பத்திரமாக வெளியே இருக்கிறார். இறைவாக்கினர் எவரும் அப்படி ஒரு வசதியைத் தம் செவிமடுப்போருக்கு அளித்ததில்லை.

ஒசேயா பேசிய காலத்தை முதலில் நினைவுகூர்வோம். கி.மு. எட்டாம் நூற்றாண்டு, வடநாடாகிய இஸ்ரயேலை இரண்டாம் எரொபவாம் ஆண்ட காலம். எல்லைகள் விரிந்திருந்தன, வணிகம் செழித்தது. சமாரியாவின் செல்வர்கள் தந்தத்தால் இழைத்த கட்டில்களில் சாய்ந்திருந்ததை ஆமோஸ் சாடினார் அன்றோ? 1930-களில் அந்நகரில் அகழ்வாய்வு செய்தவர்கள் அத்தகைய தந்தச் செதுக்கல்களைக் குவியலாகக் கண்டெடுத்தனர். ஆனால் எரொபவாம் இறந்ததும் எல்லாம் சரிந்தது. அவருக்குப் பின் சமாரியாவின் அரியணையில் அமர்ந்தவர்கள் அறுவர். அவர்களுள் நால்வர் தமக்குப் பின் வந்தவரின் கையாலேயே கொலையுண்டனர். ஒருவர் ஆறே மாதங்கள் ஆண்டார். இன்னொருவர் ஒரே மாதம். மெனகேம் அசீரிய மன்னனுக்கு ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்துத் தம் அரியணையைக் காத்துக்கொண்டார். அதற்காகச் செல்வர் ஒவ்வொருவரிடமும் ஐம்பது செக்கேல் தண்டினார் என்று அரசர்கள் நூல் கணக்குக் கூறுகிறது. இத்தகைய நாட்டில், அதன் கடைசித் தலைமுறையில் நின்று பேசியவரே ஒசேயா.

அம்மக்களின் துரோகம் எத்தகையது? அவர்கள் ஆண்டவரை விட்டுவிட்டுப் பாகாலிடம் போய்விட்டனர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அதைவிடச் சிக்கலானது, அதைவிடக் கசப்பானதும்கூட. அவர்கள் ஆண்டவரை விட்டுவிடவே இல்லை. ஓய்வுநாள்கள் தவறாமல் நடந்தன. அமாவாசைத் திருநாள்கள் நடந்தன. பெத்தேலிலும் கில்காலிலும் பலிப்புகை ஓயாமல் எழுந்தது. ஒசேயாவின் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாகப் படிப்பவர், கடவுள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாகச் சொல்வது இந்தத் திருநாள்களையே என்பதைக் காண்பார். முதலாம் எரொபவாம் நிறுவிய கன்றுக்குட்டி கூட, எகிப்தினின்று மீட்டு வந்த கடவுளின் பெயராலேயே நிறுவப்பட்டது.

கானான் மலைநாட்டில் நைல் நதி இல்லை, யூப்பிரத்தீசு இல்லை. ஐப்பசி வாக்கில் தொடங்கிப் பங்குனி வரை பெய்யும் மழை பொய்த்தால் கோதுமையும் இல்லை, திராட்சையும் இல்லை, ஒலிவ எண்ணெயும் இல்லை. பாகால் இடிக்கும் மழைக்கும் உரிய தெய்வம் என்பதை, 1929 முதல் சிரியாவின் கடற்கரையில் தோண்டியெடுக்கப்பட்ட உகாரித்து நகரத்துக் களிமண் பலகைகள் நமக்கு விரிவாகவே காட்டுகின்றன. ஆகவே இஸ்ரயேல் உழவர் வெகு சாமர்த்தியமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வரலாற்றுக்கு ஆண்டவர், வயலுக்குப் பாகால். எகிப்தினின்று மீட்டதற்கு ஒருவருக்கு நன்றி. மழைக்கு மற்றவருக்குக் காணிக்கை. 1910-இல் சமாரியாவில் கிடைத்த, எண்ணெயும் திராட்சை இரசமும் வந்து சேர்ந்ததைக் குறித்த பானை ஓட்டுச் சில்லுகளில், ஆண்டவரின் பெயரோடு இணைந்த ஆள்பெயர்களும் பாகாலின் பெயரோடு இணைந்த ஆள்பெயர்களும் அருகருகே நிற்கின்றன. 1975-76 ஆண்டுகளில் சீனாய்ப் பாலைநிலத்தின் குந்தில்லத் அஜ்ருத் என்னுமிடத்தில் கிடைத்த எழுத்துகள் இன்னும் வெளிப்படையானவை: சமாரியாவின் ஆண்டவரின் பெயராலும் அவருக்குரிய அசேராவின் பெயராலும் ஆசி கூறுகின்றன. அசேரா என்பது அங்கே பெண்தெய்வமா, வழிபாட்டுக் கம்பமா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதுவாயினும், ஆசி எழுதியவர் தம்மை ஆண்டவரின் பக்தராகவே எண்ணினார் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எபிரேயத்தில் பாகால் என்னும் சொல்லுக்குத் தலைவன், உடைமையாளன், கணவன் என்னும் பொருள்கள் உண்டு. எனவே ஆண்டவரையே பாகால் என்று அழைப்பதும் மொழிவழக்கில் இயல்பாகவே இருந்திருக்கும். ஒசேயாவின் கடவுள் இதைப் பொறுக்கவில்லை. இனி நீ என்னை அப்படி அழைக்க மாட்டாய், வேறொரு சொல்லால், என் மனிதர், என் துணைவர் என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பாய் என்கிறார். துரோகம் நடந்த இடம் பெயர்ப்பலகை மாறிய வேறொரு கோவில் அன்று. பெயர்ப்பலகை மாறாத அதே கோவில். தானியமும் இரசமும் தருகிறவர் யாரோ அவரை வணங்குவோம் என்று வணங்குகிறவர், தருகிறவரை விட்டுவிட்டுத் தானியத்தைத்தான் வணங்குகிறார். ஆண்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரைப் பாகாலாக்கிவிடலாம்.

இந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாளிகள் எவர்? இங்கேதான் நம் மறையுரைகள் தடம் புரள்கின்றன. நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வழக்கு குருக்கள் மீது தொடுக்கப்படுகிறது. அறிவில்லாமையால் மக்கள் அழிகின்றனர். அறிவை வழங்கவேண்டியவர் அதைப் புறக்கணித்தார் என்பது குற்றச்சாட்டு. அடுத்து வரும் வரி கூரியது. குருக்கள் மக்களின் பாவத்தைத் தின்று கொழுக்கின்றனர் (ஒசே 4:8). எபிரேயத்தில் ஹத்தாத் என்னும் ஒரே சொல் பாவத்தையும் குறிக்கும், பாவம் போக்கும் பலியையும் குறிக்கும். பாவம் பெருகினால் பலி பெருகும். பலி பெருகினால் குருவின் பங்கு இறைச்சியும் பெருகும். அப்படியாயின் மக்கள் திருந்துவதில் குருவுக்கு என்ன ஆதாயம்? ஒரே சொல்லில் ஓர் அமைப்பு முழுவதையும் தோலுரித்துக் காட்டிவிடுகிறார் இறைவாக்கினர்.

அதே அதிகாரத்தில், ஆறே வரிகள் தள்ளி, நம் அறிவுரையாளர்கள் என்றுமே எடுத்துரைக்காத ஒரு வசனம் இருக்கிறது. உங்கள் புதல்வியரும் மருமகள்களும் நெறி தவறும்போது நான் அவர்களைத் தண்டிக்கப் போவதில்லை. ஏனெனில் ஆண்களே விலைமாதரோடு ஒதுங்கிச் செல்கின்றனர், கோவில் பரத்தையரோடு பலியிடுகின்றனர் என்னும் கருத்து அங்கே ஆண்டவரின் வாக்காக வருகிறது (ஒசே 4:14). ஒழுக்கக்கேட்டுக்குப் பெண்ணைத் தெருவில் நிறுத்தித் தண்டித்த அக்காலச் சமூகத்தில் கடவுளே முன்வந்து, அவளைத் தண்டிப்பதற்கில்லை, அவளுடைய தகப்பனையும் மாமனாரையும் விசாரிக்க வேண்டும் என்கிறார். இந்நூலை எடுத்துக்கொண்டு பெண்களுக்குக் கற்பு போதிப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இங்கு ஒரு நேர்மையான தடையை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் அதிகாரத்தில் கணவர் மனைவியின் ஆடையைக் களைவேன், அவளைப் பாலைநிலமாக்குவேன் என்றெல்லாம் பேசுகிறார். எசேக்கியேலின் பதினாறாம் அதிகாரம் இதைவிடக் கடுமையானது. மனைவியை அடிக்கும் ஆணுக்கு இத்தகைய வரிகள் துணைபோகும் அல்லவா என்று பெண் விவிலிய அறிஞர்கள் 1980-களிலிருந்து கேட்டு வருகின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்கு விடை அந்த வரிகளை மென்மையாக்குவதில் இல்லை. அவை எவரை நோக்கிச் சொல்லப்பட்டன என்பதைத் தெளிவாக்குவதில் இருக்கிறது. ஒசேயா மனைவி என்று விளித்தது நகரவாயிலில் அமர்ந்த மூப்பர்களை, படைத்தலைவர்களை, குருக்களை, அரசவையை. தம் வீட்டுப் பெண்ணின் மீது அதிகாரம் செலுத்திப் பழகிய அந்த ஆண்களைப் பார்த்து, இந்த உறவில் நீங்களே மனைவி, நீங்களே நெறி தவறியவர்கள் என்றார். ஆண்பாற் புலவர் தம்மைத் தலைவியாக வைத்து இறைவனைப் பாடும் மரபு தமிழ் பக்தி இலக்கியத்தில் ஊறியது. நம்மாழ்வார் நாயகியாக நின்று பாடும்போது அது பெண்களைப் பற்றிய பாட்டு என்று எவரும் எண்ணுவதில்லை. அந்த எளிய வாசிப்பு நயம் ஒசேயாவின் முன் வந்ததும் நம்மைக் கைவிட்டு விடுவது வியப்பே. கோமேர் என்னும் அந்தப் பெண்ணோ, நூல் முழுவதிலும் தம் வாயால் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

பிள்ளைகளின் பெயர்களும் இதையே சொல்கின்றன. மூத்தவனுக்கு இஸ்ரியேல் என்று பெயர். அது ஒரு கொலைக்களத்தின் பெயர். ஏகூ என்பவர் ஆகாபின் குலத்தை அங்கேதான் வெட்டிச் சாய்த்தார். இந்த ஏகூ யார்? சமாரியாவில் பாகாலின் கோவிலை இடித்துத் தரைமட்டமாக்கியவர்; பாகாலின் அடியாரைக் கொன்று குவித்தவர்; பக்தி வைராக்கியத்தில் தமக்கு நிகரில்லை என்று மார்தட்டியவர். இரண்டாம் எரொபவாம் அவருடைய கொள்ளுப்பேரன். ஒசேயாவின் நூலில் பதிவான முதல் குற்றச்சாட்டு பாகாலை வணங்கியவர் மீது விழவில்லை. பாகாலை ஒழித்தவர் சிந்திய இரத்தத்தின் மீது விழுகிறது. தூய வழிபாட்டின் பெயரால் வாளெடுப்போர் இதை நிறுத்தி நிதானித்துப் படிக்கக் கடவர். அடுத்த பெண்குழந்தை 'இரக்கம் பெறாதவள்'. மூன்றாவது மகன் 'என் மக்கள் அல்ல'. இக்கடைசிப் பெயருக்கு நாம் மீண்டும் வருவோம்; நம்முடைய உரிமைப் பத்திரமே அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாம் அதிகாரம் மிகச் சிறியது. ஒசேயா ஒரு பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கிறார். ஓர் அடிமைக்குத் திருச்சட்டம் குறித்த ஈட்டுத்தொகை முப்பது வெள்ளி என்பதால், கையில் இருந்த பணம் பாதிக்குத்தான் போதியது, மீதிக்குத் தானியம் அளந்தார் என்று கணக்கிடும் உரையாசிரியர்கள் உண்டு. அது ஊகமே. ஆயினும் விலை கொடுத்தார் என்பது ஊகமன்று. இரக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அதை இரக்கம் பெற்றவள் கொடுக்கவில்லை.

அதைவிட ஆழமான விலை ஒன்று உண்டு. மனைவியை மணமுறிவுச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டவன், அவள் வேறொருவனோடு வாழ்ந்தபின் அவளைத் திரும்ப ஏற்கக் கூடாது என்று இணைச்சட்ட நூல் திட்டவட்டமாக விதிக்கிறது (இச 24:1-4). ஒசேயாவுக்கு நூறாண்டுகளுக்குப் பின் எருசலேமில் பேசிய எரேமியா இந்தச் சட்டத்தை மறந்துவிடவில்லை. அதையே எடுத்துக் காட்டி வாதத்தைத் தொடங்குகிறார் (எரே 3:1). இஸ்ரயேலுக்கு ஆண்டவர் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார் (எரே 3:8). சட்டப்படி வழக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் நான்கே வசனங்கள் கழித்து, அனுப்பப்பட்டவளை நோக்கித் திரும்பி வரும்படி அதே ஆண்டவர் வடதிசை பார்த்துக் கூவுகிறார். தாம் விதித்த சட்டத்தைத் தாமே கடக்கிறார். பின்னர் பாபிலோனிய அடிமைத்தனத்தில், எசாயா நூலில் ஒலிக்கும் குரல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உங்கள் அன்னையை நான் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறீர்களே, அந்தச் சீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்னும் பொருளில் ஆண்டவரே சவால் விடுகிறார் (எசா 50:1). எரேமியாவின் வாயில் கொடுத்தேன் என்றவர், எசாயாவின் வாயில் எங்கே அது என்று கேட்கிறார். இம்முரண்பாட்டை இசைவுபடுத்த முயல்வோர் முயலட்டும். நமக்கு இது முரண்பாடாகவே இருக்கட்டும். ஏனெனில் நம் மீட்பு இந்த முரண்பாட்டின் இடுக்கில்தான் நுழைந்து வந்திருக்கிறது.

இரக்கத்தின் இந்த உட்போராட்டம் உச்சத்தை எட்டுவது ஒசேயாவின் பதினோராம் அதிகாரத்தில். அங்கே கணவன் மனைவி என்னும் உருவகம் மறைந்து, குழந்தைக்கு நடைபழக்கும் பெற்றோரின் உருவகம் வருகிறது. எப்ராயிமை எப்படிக் கைவிடுவேன், அதிமாவைப் போலவும் செபோயிமைப் போலவும் உன்னை எப்படி ஆக்குவேன் என்று கடவுள் தம்மோடு தாமே வாதிடுகிறார். சோதோம் கொமோராவோடு அழிந்த நகரங்கள் இவ்விரண்டும். அடுத்து, தம் இதயம் தமக்குள்ளே புரண்டுவிட்டதாகச் சொல்கிறார். எபிரேய மூலத்தில் இங்கு வரும் ஹாபக் என்னும் வினைச்சொல், தொடக்க நூலில் சோதோம் கவிழ்க்கப்பட்டதைச் சொல்லும் அதே வினைச்சொல். நகரத்தின் மேல் விழவேண்டிய கவிழ்ப்பு கடவுளின் இதயத்துக்குள் விழுந்துவிட்டது. அதன்பின் காரணம் கூறுகிறார்: நான் கடவுள், மனிதன் அல்ல. இந்த மனிதன் என்பதற்கு எபிரேயத்தில் நிற்கும் ஈஷ் என்னும் சொல்லுக்கு ஆண் என்றும் கணவன் என்றும் பொருளுண்டு. இரண்டாம் அதிகாரத்தில் சினந்து ஆடை களைவேன் என்ற கணவனின் குரலை, பதினோராம் அதிகாரத்தில் கடவுளே தாண்டிச் செல்கிறார்.

இதைக் கேட்டதும், சரி, கடவுள் எப்படியும் மன்னித்துவிடுவார் என்று அமர்ந்துவிடுவோர் உண்டு. அவர்களுக்காகவே ஆறாம் அதிகாரம் இருக்கிறது. அங்கே மக்கள் அழகான ஒரு மனமாற்றச் செபத்தைச் சொல்கின்றனர்: வாருங்கள் ஆண்டவரிடம் திரும்புவோம், காயப்படுத்தியவர் குணமாக்குவார், மழைபோல் வருவார் என்று. நம் ஒப்புரவு வழிபாடுகளில் அதை மனமுருகச் செபித்து முடித்துவிடுகிறோம். அடுத்த வசனத்தைச் சேர்த்துப் படித்தால் உருக்கம் கலைந்துவிடும். ஏனெனில் அந்தச் செபத்துக்குக் கடவுள் தந்த விடை மகிழ்ச்சியன்று, சலிப்பு. உங்கள் அன்பு காலைநேரத்துப் பனி போன்றது, உங்களை நான் என்னதான் செய்வேன் என்கிறார். அவர் கேட்பது ஹெசேத்; பலியைவிட அதுவே மேல் என்கிறார் (ஒசே 6:6). உடன்படிக்கைக்கு உட்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் காட்டவேண்டிய மாறாத பற்றுறுதி அது. மத்தேயு நற்செய்தியில் இயேசு இருமுறை இந்த வசனத்தையே பரிசேயர் முன் எடுத்து வைக்கிறார். தம் மக்களின் இறைவாக்கினர் சொன்னதைத் தம் மக்களுக்கு நினைவூட்டுகிறார். வேறொரு சமயத்தைக் கொண்டு வந்து அவர்கள் மீது எறியவில்லை.

இரக்கம் அசீரியாவைத் தடுக்கவும் இல்லை. கி.மு. 722 வாக்கில் சமாரியா வீழ்ந்தது. 27,290 பேரை நாடுகடத்தியதாக இரண்டாம் சார்கோன் தன் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். அப்படியானால் எப்ராயிமைக் கைவிட மாட்டேன் என்ற சொல் பொய்த்துப் போயிற்றா? தள்ளுண்டனர் என்று பேசுவோர் இங்கே தங்கள் வாதம் வென்றதாக நினைக்கக் கூடும். ஆனால் நடந்தது என்ன? அழிந்த வடநாட்டில் பிறந்த இந்த நூல் தெற்கே யூதாவில் காப்பாற்றப்பட்டது. யூதாவும் வீழ்ந்தபின் பாபிலோனுக்கு அப்பாலும் வாழ்ந்தது. அசீரிய மன்னர்களின் கல்வெட்டுகளில் தோல்வி என்னும் சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பண்டைய உலகின் எந்தப் பேரரசும் தன்னைக் குற்றம் சாட்டும் நூலைத் தன் திருநூலாக வைத்துக்கொள்ளவில்லை. இஸ்ரயேல் வைத்துக்கொண்டது. நன்றிகெட்டவர்கள் என்று நாம் ஏளனமாகச் சொல்வதற்குரிய சான்றுகள் அனைத்தும் அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே படியெடுத்து, ஒரு புள்ளி விடாமல் காத்து, நம் கையில் தந்தவை. ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை ஒட்டுக்கேட்டு அதைக் கொண்டே அவரைத் தூற்றுபவரை நாம் என்னவென்று அழைப்போம்?

பழைய ஏற்பாட்டின் கடவுள் சினத்தின் கடவுள், புதிய ஏற்பாட்டின் கடவுளே அன்பின் கடவுள் என்று இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் போதித்தார்; உரோமைத் திருச்சபை 144-ஆம் ஆண்டில் அவரை விலக்கியது. அவருடைய கொள்கையோ விலகவில்லை. இன்றும் நம் மறைக்கல்வி வகுப்புகளில் வேறு உடையில் வந்து அமர்கிறது. பதினோராம் அதிகாரத்தை ஒருமுறை படித்தவர் அக்கொள்கையை எப்படி ஏற்பார்? கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியைப் பற்றியும் திருச்சபை இன்று நேற்றுப் பேசவில்லை. திரிதெந்து சங்கத்தைத் தொடர்ந்து 1566-இல் வெளியான உரோமை மறைக்கல்வி நூல், கிறிஸ்துவை அறிந்தும் பாவம் செய்யும் நம்முடைய குற்றமே யூதருடைய குற்றத்தைவிடப் பெரிது என்று கூறுகிறது. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதரைக் கடவுளால் தள்ளுண்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக் கூடாது என்று அறிவித்தது. 1980-இல் செருமனியின் மைன்சு நகரில் யூதர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறாத பழைய உடன்படிக்கையின் மக்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் புனித வாரத்தில் நம் மேடைகளிலிருந்து பழைய வசை ஒலிக்குமானால், அதை மரபுப்பற்று என்று சொல்லி மன்னிக்க நாம் ஆயத்தமாக இல்லை.

இது பிற சமயத்தாரிடம் காட்டும் நாகரிகத்தைப் பற்றிய வாதம் என்று எவரும் நினைக்க வேண்டாம். நம் தலை தப்புவதைப் பற்றிய வாதம் இது. 'என் மக்கள் அல்ல' என்னும் பெயருக்கு இப்போது வருவோம். அப்பெயரைக் கடவுள் மாற்றுவார், என் மக்கள் என்று அழைப்பார் என ஒசேயா உரைத்தார். அவர் உரைத்தது வடநாட்டு இஸ்ரயேலரை நோக்கி. பவுலடியார் உரோமையருக்கு எழுதும்போது அந்த வாக்கை எடுத்து, இஸ்ரயேலர் அல்லாத பிற இனத்தாருக்குப் பொருத்துகிறார் (உரோ 9:25). பேதுருவின் முதல் திருமுகமும் அவ்வாறே செய்கிறது. நாம், அதாவது ஆபிரகாமின் வழிமரபில் பிறக்காத நாம், இறைமக்கள் என்று அழைக்கப்படுவதற்கு இவ்வசனத்தைத் தவிர வேறென்ன உரிமை வைத்திருக்கிறோம்? துரோகம் செய்து பெயரிழந்த இஸ்ரயேலுக்குத் திறந்த வாயில் வழியாகத்தான் நாமும் நுழைந்தோம். நுழைந்தபின் திரும்பி நின்று, இவ்வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டது என்று அறிவிப்பது எப்படி? அவர்களுடைய துரோகத்தால் கடவுளின் வாக்குறுதி செல்லாததாகிவிட்டது என்றால், நம்முடைய துரோகத்தால் நம் திருமுழுக்கு மட்டும் எப்படிச் செல்லுபடியாகும்? அவர்களைவிட நாம் பற்றுறுதி மிக்கவர்கள் என்று சான்று சொல்ல நம்மில் எவர் முன்வருவார்? கடவுளின் அருள்கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படுவதில்லை என்று பவுலடியார் எழுதியது (உரோ 11:29) யூதரைப் பற்றித்தான். அந்த உறுதிமொழியின் நிழலில்தான் நாம் ஒதுங்கி நிற்கிறோம்.

நம் இல்லங்களில் திரு இருதயப் படத்துக்குத் தனியிடம் உண்டு. முதல் வெள்ளிக்கிழமைகளைத் தவறவிடாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அந்தத் திரு இருதயப் பெருவிழாவின் இரண்டாம் ஆண்டுச் சுழற்சியில் திருச்சபை நமக்கு வாசிக்கத் தருவது எந்த நூலை? ஒசேயாவின் பதினோராம் அதிகாரத்தை. கடவுளுக்குள் புரண்ட இதயத்தைத் திருச்சபை அன்று நம் முன் வைக்கிறது. அது எப்ராயிமுக்காகப் புரண்ட இதயம். வாசகத்தைச் சுருக்கியவர்கள் பாகால்களுக்குப் பலியிட்டதைச் சொல்லும் வசனத்தையும் அசீரியாவைச் சொல்லும் வசனங்களையும் விட்டுவிட்டனர் என்பது நமக்கு ஒரு குறையாகவே படுகிறது. நோய் இன்னதென்று சொல்லாமல் மருந்தை மட்டும் கையில் கொடுப்பது போன்றது அது. வீட்டில் விவிலியத்தைத் திறந்து அவற்றையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

யூதர்களோ எதையும் விடாமல் படிக்கின்றனர். பக்தியுள்ள யூதர் வாரநாள் காலைச் செபத்துக்காக மறைநூல் வாசகங்கள் அடங்கிய தோற்பட்டையைக் கையில் கட்டி, அதன் வாரை நடுவிரலில் மும்முறை சுற்றும்போது, ஒசேயாவின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் தம் மக்களை என்றென்றைக்குமாக மணந்துகொள்வதாகச் சொல்லும் வரிகளை ஓதுகிறார். புத்தாண்டுக்கும் பாவக்கழுவாய் நாளுக்கும் இடையில் வரும் ஓய்வுநாளில், இஸ்ரயேலைத் திரும்பி வரும்படி அழைக்கும் ஒசேயாவின் கடைசி அதிகாரம் அவர்களுடைய தொழுகைக்கூடங்களில் வாசிக்கப்படுகிறது. அதே அதிகாரம் தவக்காலத்தின் மூன்றாம் வார வெள்ளியன்று நம் ஆலயங்களில் முதல் வாசகமாக வருகிறது. பெரும்பாலான பங்குகளில் அன்று மாலை சிலுவைப்பாதைக்குக் கூட்டம் நிறைந்திருக்கும். காலைத் திருப்பலியில் பத்துப் பதினைந்து பேர் இருப்பர். வாசகர் ஒலிவாங்கியின் முன் நின்று இஸ்ரயேலே என்று விளித்துத் தொடங்குவார். அந்தப் பத்துப் பதினைந்து பேரில் எத்தனை பேர் தம்மைப் பெயர் சொல்லி அழைத்தது போல நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதை, வரும் தவக்காலத்தில் நாம் அங்கே இருந்து காண்போம்.